இரண்டு குழாயிலும் ‘வா’

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் மூக்கு ஒன்றைத் தவிர. அது வழக்கம்போல அடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும் உதவுகிறது. நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், கட்டிப்போன தொண்டையோடு நலம் என்றால் எந்த அம்மா நம்புவாள்? வேளாவேளைக்குச் சாப்பிடு. அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் சின்ன வயதில் உன்னைப் பார்த்தது போலவே இருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் காரை விற்றுவிடச் சொன்னாயே, இனிமேல் அது எனக்கு எதற்கு என்று. சரி என்று கொட்டகைக்குப் படம் எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததுமே பெட்ரோல் வாடை. முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவள், மூடி சரியாக மூடாத பாட்டிலை மூக்காலேயே கண்டுபிடிப்பேன். அப்பாவிடம் சொன்னால் எல்லாம் உன் பிரமை என்கிறார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தானே. நான் பின்தெரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன், நீ போன பிறகு கடை போட்டவர். எதற்குமே அவசரப்படாத மனுஷர், அதனாலேயே எல்லாரும் அவரை அவசரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாயை லேசாக வளைத்துக் காட்டினார், பித்தவெடிப்பு போல வரிவரியாக வாய் திறந்தது, ஒரு வெடிப்பில் பெட்ரோல் துளிர்த்து நின்றது. நேர் கீழே புகைபோகிற குழாய், ஓடினால் தணலாகக் கொதிக்கிற இடம். இருபத்தெட்டு வயதான வண்டி, அதுவும் வேகத்துக்கென்றே செய்தது, பெட்ரோல் உள்ளே பாய்கிற அழுத்தமும் அதிகமாம். இப்படியே விற்றால் வாங்குகிறவர் வீடு போய்ச் சேருவது சந்தேகம் என்றார். வாங்க வருவதாக இருந்த பல் டாக்டருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அதைவிட, நீ கடைசியாக ஓட்டிய நாளிலும் அது இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்ததும், விற்பது இருக்கட்டும், முதலில் குழாயை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாற்றுவதை நானே செய்கிறேன் என்று அப்பா பிடிவாதம். அவசரமும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, பேட்டரியைக் கழற்றுவதில் இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார், சாதாரண ரப்பர் ஆகாது, அழுத்தம் தாங்கும் குழாயும் அதற்கென்றே உள்ள வளையங்களும்தான் போட வேண்டும் என்று அவரே வாங்கியும் தந்தார். டேங்கில் இருந்து வருகிற இரும்புக் குழாய்கள் இரண்டு, ஒன்று இன்ஜினுக்குப் போவது, மற்றது மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அதனால் பழைய ரப்பரைக் கழற்றும் முன்னே ஒன்றில் ‘போ’, மற்றதில் ‘வா’ என்று சீட்டு ஒட்டச் சொன்னார். சீட்டு ஒட்டுகிற வேலையை என்னைவிட யார் நன்றாகச் செய்யப்போகிறார்கள்? நானே எழுதி, பாட்டிலுக்குச் சுற்றுவது போலக் குழாயைச் சுற்றி ஒட்டினேன்.

அப்பா ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து மாட்டி முடித்தார். சாவியைத் திருகினால் வண்டி இருமுகிறது, எடுக்கவில்லை. பின்னால் டேங்கில் இருக்கிற பெட்ரோல் பம்பு மட்டும் முனகுகிறது. பம்பு போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இரண்டு நாள் கழித்து அவசரம் ஆடி அசைந்து வந்து, டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, ரெண்டுலயும் ‘வா’ன்னுதான் இருக்கு” என்றார். அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது, என்னைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று குத்துமதிப்பாக மாற்றி மாட்டியிருக்கிறார். அவசரம் ஒரு சீட்டை நகத்தால் பிரித்தார். உள்சுற்றில் ‘போயிட்டு’ இருந்தது.

‘போ’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, தம்பி. அதனால் போயிட்டு வா என்று எழுதினேன், சுற்றி ஒட்டினதில் முன்பாதி உள்ளே மறைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு சீட்டுக்கூடத் தப்பாக ஒட்டாதவள். அவசரம் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நீ கிளம்பிய அன்று வாசலில் நான் சொன்னதை அவரும் கேட்டவர்தானே. உன் வேலையைப் பற்றித் தொடங்கின பேச்சு எங்கேயோ போய், நீ பெட்டியைத் தூக்கியதும், “போ, போனவன் போனவனாகவே இரு” என்றேன். கோபத்தில் வந்த சொல்தான், ஆனால் என் வாயில் இருந்துதான் வந்தது. மூன்று வருஷமாக நீ வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாய், பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை, வருகிறேன் என்று மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு வெட்கம்.

குழாய்களை மாற்றி மாட்டியதும் வண்டி ஒரே திருகில் எடுத்துவிட்டது. ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டாகக் காகிதத்தை வைத்து அப்பா பார்த்தார், ஒரு பொட்டு ஈரம் இல்லை. நானும் மோந்து பார்த்தேன், வாடை இல்லை. இனி யார் ஓட்டினாலும் பயமில்லை. பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார், உன் பதில் வரும்வரை பொறுக்கும்படி அவரிடம் நான் சொல்லிவிட்டேன், அப்பாவைக் கேட்காமலே. நீ இப்போது இருக்கிற ஊரே உனக்குப் பிடித்துப்போய் விற்கச் சொன்னாய் என்றால் சந்தோஷமாக விற்றுத் தருகிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் சொன்ன சொல்லுக்காக விற்கச் சொன்னாய் என்றால் விற்கமாட்டேன். அது நான் செய்த தப்பு, நீ ஏன் காரைக் கொடுக்க வேண்டும்?

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, மறக்காதே. இரண்டில் எது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எனக்கு வலிக்குமே என்று மாற்றி மட்டும் எழுதாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா