கருகி வந்த மண்ரொட்டி

மீவாத்ன் ஏரிக்கரை
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் எகிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கையும் ஆடுகளும் அப்பாவின் பழைய பேருந்தும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உலகத்தின் அந்தக் கோடியில் நியூசிலாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், நான் சொல்லச் சொல்ல எழுதுவது ஸோலே. ஏன் என்பது பின்னால் வரும், அதற்குள் பயந்துவிடாதே. போனில் பேசியிருக்கலாம், ஆனால் நீ முகத்தைக் காட்டு, கையைக் காட்டு என்பாய். எப்படியும் கம்பளிச் சட்டை பார்சலில் வருகிறது, அதோடு இதையும் வைத்துவிடுகிறேன்.

(அண்ணா, இது நான், ஸோலே. அம்மா சொல்வதைத்தான் எழுதுகிறேன், வாக்கியங்களை மட்டும் கொஞ்சம் நேராக்குகிறேன். அம்மா உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சொல்கிறாள். என் பேச்சு எல்லாம் இப்படி அடைப்புக்குள் வரும்.)

சட்டையின் கை சற்று நீளம், மடித்துவிட்டுக்கொள். மீன் எண்ணெயை நிறுத்திவிட்டாயா? நிறுத்தாதே. வாலில் வெள்ளை உள்ள ஆடு இந்த வருஷமும் இரட்டைக் குட்டி போட்டு, ஒன்றைச் சேர்க்காமல் முட்டித் தள்ளியது, ஸோலே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள், இப்போது அது அவள் புத்தகத்தைத் தின்கிறது. ஏரிப் பூச்சிகள் எப்போதையும்விட அதிகம், வந்த பயணிகளில் பாதிப் பேர் முகத்தில் வலையைப் போட்டுக்கொண்டே புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். குழுக்கள் நிறைய வருகின்றன. அதே சுற்றுதான்: காலையில் எரிமலை வாய், பிறகு எரிமலைக் குழம்பு உறைந்து நிற்கும் கறுப்புக் கற்கோட்டை, பிறகு கந்தக மேடு, மதியம் அடிச்சூட்டிலேயே ரொட்டி வேகிற வெந்நிலத்தில் நம் குழியிலிருந்து ரொட்டியைத் தோண்டி எடுத்து வெண்ணெயும் புகைமீனும் வைத்துச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் நம்மிடம் வருகிறார்கள் என்று உனக்கே தெரியும். எரிமலை வாயை எவர் வேண்டுமானாலும் காட்டலாம். மண்வெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து, ஆவி பறக்கும் மண்ணிலிருந்து ரொட்டியை எடுக்க வைப்பது நம் ஒரு பேருந்தில்தான்.

அந்த ரொட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். போன மாதம் ஒரு நாள் அடி தீய்ந்து வந்தது. மாவு இளகலாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை பாதி கரி. வழக்கம்போல் மாலையில் புதைத்தது, வழக்கம்போல் மறுநாள் மதியம் எடுத்தது, அதே தகர டப்பா, அதே குழி. எனக்கு உடனே பக்கத்துக் குழிக்காரி கெர்தாவின் மேல் புத்தி போனது. நம் குழியின் மேல் அவளுக்கு எத்தனை நாளாகக் கண் என்று நீ அறிவாய். அவள் குழியில் வேக நேரமாகும், ஹோட்டலுக்கு ரொட்டி கொடுக்கிறவளுக்கு அது இடைஞ்சல். அடுத்தவர் குழியின் மூடிக்கல்லைத் தொடக்கூடாது என்று இந்த ஏரிக்கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இவள் நம் டப்பாவை நகர்த்திவிட்டுத் தன் டப்பாவை நடுவில் வைக்கிறாள், நம்முடையது சூட்டு வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டேன். கூட்டுறவுக் கடையில் பால் எடுக்கிற இடத்தில் வைத்துக் கேட்டும்விட்டேன். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே, "உன் குழியில எனக்கு என்னடி வேலை? பேருந்துல ஏறி மைக் பிடிச்சா மாவு பிசையிற கை மறந்துபோகும், வெல்லப்பாகை அளந்து ஊத்து" என்றாள். நானும் விடவில்லை, "அளந்துதான் ஊத்துறேன், மூடியைத் திருட்டுத்தனமாத் திறக்கிறவங்களுக்குத்தான் அளவு தெரியல" என்றேன். கல்லாவில் இருந்த பெண் இரண்டு பேருக்கும் சில்லறையைத் தவறாகக் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரே கவலைதான், இனி கெர்தா வீட்டுக் காபி கிடைக்காது என்று.

அதன்பிறகு குழியின் அடியில் கல்லைப் போட்டு டப்பாவை உயர்த்தினேன். நேரத்தைக் குறைத்தேன். மூடிக்கல்லின் மேல் அவள் தொட்டால் தெரியவேண்டும் என்று ஒரு நூல் வைத்தேன், கல்லைச் சுற்றிப் பாசி வைத்தேன். நூல் அப்படியே இருந்தது, ரொட்டி கருகியிருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்கவேண்டும், எகில். கெட்டிக்காரி, நூலைக்கூடத் திரும்ப வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

(இந்த இடத்தில் அம்மா வெளியே போய் வந்தாள். கேட்டால் ஆட்டைப் பார்த்தேன் என்கிறாள். வெறுங்காலோடு முற்றத்தில் நின்று தரை சுடுகிறதா என்று பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நம் முற்றம் எப்போதும்போல் ஜில்லென்றுதான் இருக்கிறது, அண்ணா.)

போன செவ்வாய்க்கிழமை பெல்ஜியத்திலிருந்து ஒரு குழு. அதில் பீட்டர் என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவி இறந்தபின் முதல் பயணமாம், காலை முழுக்க என் பக்கத்திலேயே நடந்து வந்தார். நான் ரொட்டியைத் தோண்டும்போது படம் எடுக்க ஓர் அடி பக்கவாட்டில் வைத்தார். பாதைக்கு வெளியே கூட இல்லை. நாம் எல்லோரும் நிற்கிற இடம், நீ சின்ன வயதில் உட்கார்ந்து டப்பா திறக்கக் காத்திருந்த அதே இடம். மேல்தோல் உடைந்து, அவர் கால் கணுக்கால் வரை கொதிக்கிற சேற்றில் இறங்கியது. அவர் கத்தவில்லை, ஆச்சரியப்பட்டவர்போல என்னைப் பார்த்தார். நான் மண்டியிட்டுப் பூட்ஸைப் பிடித்து இழுத்தேன், அதில் என் வலது கையும் சேற்றுக்குள் போனது. அப்பா தண்ணீர்க் கேன்களை எல்லாம் கவிழ்த்தார். அவருக்குப் பூட்ஸ் கனமானது, கால் தப்பியது, கணுக்காலில் ஒரு வளையம்போலக் கொப்புளம், அவ்வளவுதான். எனக்கு அக்குரேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், விரல்கள் அசைகின்றன, தழும்பு இருக்கும் என்றார்கள். இவ்வளவுதான் என் கை சங்கதி. அக்குரேரிக்குப் போகிற வழியில் பின் இருக்கையில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில், அவர் கால் ஒரு வாளியில், என் கை ஒரு வாளியில். அவர் மெல்ல, "ரொட்டி வெந்துச்சாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. யாரும் டப்பாவை நகர்த்தவில்லை. நிலம்தான் நகர்ந்திருக்கிறது. சூடு மேலே ஏறி வருகிறது, ஒவ்வொரு ரொட்டியிலும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தது, நான் அதைக் கெர்தாவின் குணமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அடுத்த குழு. இந்த ஏரிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் காவல் அலுவலகத்தில் நான் சொன்னால் வெந்நிலம் முழுவதையும் மூடுவார்கள், நம் குழியை மட்டுமல்ல, அவள் குழியையும். நமக்காவது பேருந்து இருக்கிறது, அவளுக்கு அந்த ரொட்டிதான். கடையில் அப்படிப் பேசிவிட்டு, இப்போது நானே போய் அவள் குழியை மூடவைத்தால் பழி தீர்த்தேன் என்றுதானே நினைப்பாள், ஊரும் நினைக்கும். சொல்லாவிட்டால் அடுத்த கால் யாருடையது? ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். அப்பா, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். நான் நாளைக்கு

(அண்ணா, அம்மா பாதி வாக்கியத்தில் கோட்டை எடுத்து ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பேனாவோடு ஓடினேன். கெர்தா அத்தை ஆட்டுப்பட்டியில் இருந்தார். அம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. "கெர்தா, வெந்நிலத்தை மூடச் சொல்லப் போறேன். உன் குழியும் போகும். கோபத்துல செய்யலே, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். அத்தை அம்மாவின் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு பட்டியின் மூலையில் கிடந்த சாக்கை உதறினார். உள்ளே கருகிய ரொட்டிகள், நம்முடையதைவிடக் கறுப்பாக. "குதிரைகூடத் திங்கல. நீதான் என் டப்பாவைத் தள்ளி வைக்கிறேன்னு நெனச்சு நானும் மூடிமேல ஆட்டு ரோமம் வெச்சுப் பார்த்தேன்" என்றார். ஹோட்டலுக்குத் தினமும் அக்குரேரியில் கடை ரொட்டி வாங்கி, தகரத்தில் போட்டுச் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். "யாரும் கண்டுபிடிக்கல, அதுதான் எனக்கு ஆத்திரம்" என்றார். அம்மா சிரிக்கவில்லை, அத்தையும் சிரிக்கவில்லை, நான்தான் திரும்பிக்கொண்டேன். பிறகு மூன்று பேரும் போய்ப் பாதையின் இரண்டு முனையிலும் ஆட்டுவேலிக் கம்புகளை அடித்துக் கயிறு கட்டினோம். அத்தை கம்பைப் பிடிக்க, நான் அடிக்க, அம்மா எட்டி நில்லுங்கள் என்று இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகத்துக்கு அத்தையே போன் செய்தார், அம்மாவும் ரிசீவரை வாங்கி, வழுக்கியது பொய் என்று சொன்னாள். இனி அம்மா சொல்வது.)

திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன், எகில். நாளை அளக்கிற கருவிகளோடு ஆட்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ரொட்டி கெர்தா வீட்டு அடுப்பில் வேகும், அடுப்பு ரொட்டி என்று சொல்லியே கொடுப்பேன், வேண்டாம் என்கிறவர்கள் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். அப்பா அதற்குள் அவள் வீட்டில் காபிக்குப் போய்விட்டார்.

உனக்கு எல்லா நலமும் கூடி வரட்டும், கையும் காலும் பத்திரமாக இருக்கட்டும், நல்ல தூக்கம் வரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி இறக்க நீ வரும்போது, எப்போதும்போல வாடகைக் காரை வழியிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வராமல் நேரே குழிக்கு ஓடி மூடியைத் தூக்கிப் பார்ப்பாய். புது மண், புது ஆவி, பனிமூட்டத்தில் கயிறு தெரியாது. அங்கே உனக்காக ஒன்றும் புதைத்திருக்க மாட்டேன். முதலில் வீட்டுக்கு வா.

இடது கையால் இதை மட்டும் நானே எழுதுகிறேன்,
உன் அம்மா
உன்னுர்