பின் சீட்டில் நம் மோள் இங்கிலீஷ் பேசுகிறாள்

என் செல்விக்கு, ஆட்டோவின் பின் சீட்டில் வலது ஓரத்தை இன்னும் உன் இடம் என்றே சொல்லிக்கொண்டு திரிகிறவன் எழுதுவது.

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா வண்டியில் ஏறினார். புதிதாகக் கற்ற இங்கிலீஷைக் காட்டாமல் என்னால் இருக்க முடியுமா? படகு ஜெட்டி பக்கம் திரும்பும்போது எடுத்துவிட்டேன். "மேடம், இஃப் யூ ஹேட் கம் எஸ்டர்டே, யூ வுட் பி ஹாப்பி நவ்." நேற்று வந்திருந்தால் இப்போது சந்தோஷமாக இருப்பீர்கள். இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர் முகம் மாறிவிட்டது. "வாட் ஹேப்பன்ட் எஸ்டர்டே?" என்றார். நேற்று என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை செல்வி. மழை பெய்தது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வார்த்தை வராமல் நான் விழிக்க, ஏதோ பெரிய துக்கத்தை இவன் மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். ஃபோர்ட் கொச்சியில் இறங்கியவர் என் தோளைத் தட்டி, "பி ஸ்ட்ராங்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைப் போய் கூட ஆட்டோ ஓட்டும் நௌஷாத்திடம் சொன்னேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இப்போது ஸ்டாண்டில் எனக்குக் காலை வணக்கமே அதுதான். "முருகேசன் சேட்டா, இன்னலே எந்தா உண்டாயது?" நேற்று என்ன நடந்தது என்று டீக்கடைக்காரர் வரைக்கும் கேட்கிறார்.

இந்த வயதில் உனக்கெதற்கு இங்கிலீஷ் என்று நீ கேட்பாய். எட்டாவது வரை தென்காசியில் தமிழில் படித்து, பத்தாவதில் இங்கே மலையாளத்தில் எழுதித் தோற்றவன் நான். ஒரு பரீட்சையில் தோற்க இரண்டு மொழி தேவைப்பட்டது என்று நீதான் சொல்லிக்காட்டுவாய். என் இங்கிலீஷ் சவாரிக்கான இங்கிலீஷ். கம், சிட், திஸ் சினகாக், தட் சர்ச். அதில் நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது.

நம் மகள் திவ்யாவுக்காகத்தான் இதெல்லாம். நீ போகும்போது ஐந்தாவது படித்தவள் இப்போது நர்ஸ். ஆலுவாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருத்தராக அயர்லாந்து போகிறார்கள். இவளும் எழுதிப் போட்டிருக்கிறாள். அதற்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை இருக்கிறது. வாசிப்பு, எழுத்து, காதால் கேட்பது, மூன்றிலும் நம் மோள் ஜெயித்துவிட்டாள். பேச்சில் தோற்றாள். எனக்குப் பிறந்து பேச்சில் தோற்றாள் என்றால் நீயே நம்பமாட்டாய்.

"என்ன மோளே கேட்டாங்க?" என்றேன்.

"பழசுல ஒண்ணு வேற மாதிரி நடந்திருந்தா இப்போ உன் லைஃப் எப்படி இருக்கும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அந்த மேடம் என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. வாய் வரல."

இந்த மாதிரி வாக்கியத்துக்கு மிக்ஸ்ட் கண்டிஷனல் என்று பேர். காக்கநாட்டு கோச்சிங் சென்டரில் தினமும் வீட்டு ஆளோடு பேசிப் பழகச் சொல்லிவிட்டார்களாம். வீட்டு ஆள் என்றால் வேறு யார்? அடுப்படியில் எனக்கு வகுப்பு தொடங்கியது.

"ஈஸிதான் அப்பா. முன் பாதி முடிஞ்சு போனது. பின் பாதி இப்போ நடக்கிறது. நேத்து மீன் வாங்கிருந்தா இன்னைக்கு வெறும் ரசம் குடிச்சிட்டு இருக்க மாட்டோம். அவ்வளவுதான்."

"மீனு வாங்காதது என் தப்புன்னு சொல்றியா, இல்ல இலக்கணம் சொல்றியா?"

"ரெண்டும்."

திருப்பியும் போடலாமாம். இப்போது இருக்கிற குணத்தை முன்னால் வைத்து, அன்று நடந்திருக்கக்கூடியதைப் பின்னால் சொல்வது. நான் ஒன்று செய்தேன்: "இஃப் ஐ வேர் டால், ஐ வுட் ஹேவ் ஜாயின்ட் போலீஸ்." உயரமானவனாக இருந்தால் அன்றைக்கே போலீஸில் சேர்ந்திருப்பேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உன் சிரிப்புதான் அது, மூக்கால் சிரிப்பது.

ஆனால் அந்தக் கேள்விக்கு வரும்போது மட்டும் அவளுக்கு அடைத்துக்கொள்ளும். என்னைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், குக்கர் விசில் வந்தது என்று எழுந்து போவாள். அடுப்பிலே குக்கரே இருக்காது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஆட்டோக்காரன் முதுகுக்கு ஜனங்கள் சொல்லாதது ஒன்று உண்டா? மாமியாரைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, விட்டுப்போன பெண்ணைப் பற்றி என் பிடரியைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவார்கள். இறங்கி முகத்தைப் பார்த்ததும், "எத்ர ஆயி?" என்று வாடகை மட்டும் கேட்பார்கள். நீகூட நம் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று என் முதுகிடம்தானே சொன்னாய்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை வண்டியில் உட்காரவைத்து பஜார் ரோட்டுக்குப் போனேன். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. நல்ல மழை. ஓரமாக நிறுத்தி இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கினேன். அவள் வலது ஓரத்தில், உன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடியைத் திருப்புங்க அப்பா."

திருப்பினேன். இப்போது எனக்கு அவள் முகம் தெரியாது. கேள்வியை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். வைப்பரைப் பார்த்துக்கொண்டே பரீட்சைக்கார மேடம் மாதிரி குரலை இழுத்துக் கேட்டேன். உன் பழைய வாழ்க்கையில் ஒன்று மாறியிருந்தால் இப்போது எப்படி இருப்பாய்?

 தட்டுத்தடுமாறாமல் பதில் வந்தது.

"இஃப் மை ஃபாதர் ஹேட் மேரீட் அகைன், ஐ வுட் நாட் பி அஃப்ரெய்ட் டு லீவ் ஹிம் நவ்."

என் அப்பா மறுபடி கல்யாணம் செய்திருந்தால், அவரை விட்டுப் போக இப்போது எனக்குப் பயம் இருக்காது.

கோபித்துக்கொள்ளாதே செல்வி. உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள் என்பதற்காகவும் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதம் முன்னால் என்றால் ஃபாதர், மேரேஜ் என்று இரண்டு சொல்தான் என் காதில் விழுந்திருக்கும். ஏதோ வரன் பார்க்கச் சொல்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது முன் பாதியும் புரிகிறது, பின் பாதியும் புரிகிறது. படிப்பு மனிதனுக்கு என்னத்தைக் கொடுக்கிறது, சொல்.

அவள் நிறுத்தவில்லை. வேகமாகப் பேசிக்கொண்டே போனாள். டேப்லட், காஸ் ஸ்டவ், அலோன் என்று அங்கங்கே சொற்கள் மட்டும் எனக்குக் கிடைத்தன. சர்க்கரை மாத்திரையை நான் மறப்பதைச் சொல்கிறாள் போலிருக்கிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நான் தூங்கியதைச் சொல்கிறாள் போலிருக்கிறது. நான் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியா அப்பா?" என்று கடைசியில் தமிழில் கேட்டாள்.

"கரெக்ட். முன் பாதி நேத்து, பின் பாதி இன்னைக்கு. கொள்ளாம் மோளே, நல்லா இருக்கு."

 எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னாளா, புரியட்டும் என்று சொன்னாளா? நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ, உனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது" என்றாயே. உன்னை மாதிரி இன்னொரு ஏமாளிக்கு நான் எங்கே போவேன் என்று நான் சொன்னதும், சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்ததே. அன்று மோள் கட்டில் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். தூங்கினாளா?

மழை விட்டதும் சுள்ளிக்கலில் நிறுத்தி சாயா குடித்தோம். கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தேன். அதில் அவள் வாழைப்பழப் பழம்பொரி கடித்துக்கொண்டு சாதாரணமாக இருந்தாள்.

அடுத்த வாரம் மறுபடி பரீட்சை. பேச்சு அவளுக்கு வந்துவிட்டது. அதுதான் இப்போது என் கவலை. வந்த பேச்சை எனக்காக அந்த அறையில் விழுங்கிவிடுவாளோ? போ என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் நடிப்பு என்று கண்டுபிடித்துவிடுவாள், உன் மோளாயிற்றே. இரு என்று ஒரு சொல் சொன்னால் இருந்துவிடுவாள்.  பஸ்காரன் பின்னால் ஹார்ன் அடிக்கிறான், முன்னால் லாரி குறுக்கே நிற்கிறது, அந்த மாதிரி நிற்கிறேன்.

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் அதை ருசி பார்த்த நௌஷாத், "சேட்டா, இது சாம்பாரா, இன்னலே நடந்த சம்பவமா?" என்றான். மாத்திரைப் பெட்டியை அவள் கண்ணில் படுகிற மாதிரி மேஜையில் வைத்து மாத்திரை போடுகிறேன்.  வேலைக்குப் போகும் முன் அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

நம் கோயில் ஆண்டு மலரில், மறைந்து போனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தமிழில்தானே என்று உறுதி செய்துகொண்டு ஒப்புக்கொண்டேன். நம் மோளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலையாளம் படிப்பாள், இங்கிலீஷ் படிப்பாள். அப்பனும் அம்மாவும் கொஞ்சம் ரகசியம் பேசிக்கொள்ள இந்த ஒரு எழுத்துதான் மிச்சம் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பரீட்சை அன்று சவாரி எடுக்கமாட்டேன். நானே அவளைக் கொண்டுபோய் விடுவேன். வழி முழுக்கக் கண்ணாடி திரும்பியே இருக்கும். நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் போகிற நாள் வந்தால் அன்றும் அப்படித்தான். முன்னால் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன், அழுதாலும் பிரேக்கைத் தவறவிடமாட்டேன்.

அன்று சாயாக் கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சாயாவுக்குச் சர்க்கரை போட்டுட்டானா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சொல்ல நினைத்தது இது:

எனக்கும் பயமாத்தான் இருக்கு மோளே. நீ போ.

திவ்யாவின் அப்பன்,
உனக்கு இன்னமும் வீட்டுக்காரன்,
முருகேசன்
மட்டாஞ்சேரி