குடில் மலைக்குள் போன சுருள்

1988 டிச. 20, செவ்வாய்
காலை முழுக்கத் தூறல். வரிச்சிக்குடி வந்தாயிற்று. பெங்களூர் லேபிலிருந்து, கருவி கோடு வரைந்த சார்ட் பேப்பர் சுருள் பத்து, கூடவே. ரோசி அக்கா: "கிறிஸ்துமஸுக்கு வந்தியா, பேப்பர் பாக்க வந்தியா?" இரண்டுக்கும்தான். முறுக்கு இதுவரை ஆறு.
செய்ய: முடிவெட்டு. மெழுகுவர்த்தி. சுருள் 1–9.

21, புதன்
வெயில். கூடத்தில் சுருள்களை விரித்தேன். தேடுவது ஆக்சியான். கண்ணில் படாத இருண்ட பருப்பொருள் இதுவாக இருக்கலாம் என்று யூகம். பெரிய காந்தத்துக்குள் வந்தால் சன்னமான ரேடியோ அலையாக மாறுமாம். திரவ ஹீலியத்தில் அமிழ்த்திய மீகடத்திக் கம்பிச்சுற்று அதைப் பிடிக்கும்.
நாலாம் சுருளில் ஒரு பீக், கோடு கூராக எழும்பியிருந்தது. ஏழிலும் அதே இடத்தில். ஒன்பதிலும். பத்தாவது, காந்தத்தை அணைத்துவிட்டு ஓட்டியது. அதில் என்ன இருக்கப்போகிறது, வேஸ்ட் என்று ஓரமாகப் போட்டேன்.

22, வியாழன்
காரைக்கால் தபாலாபீஸ். எங்கள் குழுத் தலைவர் வேணு சாருக்கு டிரங்க் கால்.
"காந்தம் அணைச்ச சுருள்ல அந்த பீக் இல்லியே?"
"இல்லைங்க சார்." பார்க்காமலே. வாய் முந்திக்கொண்டது.
"அப்ப கட்டுரையைத் திங்கக்கிழமை அனுப்பிடறேன். உன் பேர்தான் முதல்ல."
பஸ்ஸில் நெஞ்சு உறுத்தியது. வீட்டில் பத்தாவதைத் தேடினேன். காணோம். அக்காவைக் கேட்டேன்.
"அதுவா? வேஸ்ட்டுன்னு நீதானே சொன்னே. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்ய எடுத்துட்டேன்."
கசக்கி, காவி பூசி, புல் ஒட்டி, பொம்மை ஆடுகளும் ஏறியாயிற்று.

23, வெள்ளி
நல்லவேளை, கோடு தெரிந்தால் அசிங்கம் என்று எழுதிய பக்கத்தை உள்ளே திருப்பியிருக்கிறாள் அக்கா. குடிலுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, அதிர்வெண்ணைக் குறித்த பென்சில் எண்களைப் பிடித்துக்கொண்டே போனேன். வெள்ளாட்டுக்கு நேர் கீழே. அதே பீக்.
காந்தம் இல்லாமலும் வருகிறதென்றால் ஆக்சியான் இல்லை. ஏதோ ரேடியோ இரைச்சல். சோறு இறங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் பெரிய நிம்மதி. திங்கட்கிழமைக்கு முன்னால் தெரிந்ததே. முறுக்கு நாலு.

24, சனி
முடிவெட்டு ஆயிற்று. மறுபடி டிரங்க் கால்.
"சார், அன்னிக்கு நான் பாக்காம சொல்லிட்டேன். பத்தாவதுலயும் பீக் இருக்கு. அனுப்பாதீங்க."
"சரி. அந்தச் சுருளை நான் பாக்கணும். உடனே எடுத்துட்டு வா."
மூன்று ராஜாக்கள் திருநாள் முடியாமல் குடிலைக் கலைக்க அக்கா விடமாட்டாள் என்றேன். அந்தத் திருநாள், ஜனவரி ஆறாம் தேதிவரை லீவு நீட்டிப்பு. காரணம் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். மலை என்றேன்.