சூளைக்கு இழுப்பு வந்துவிட்டது

துவைக்க எடுத்த என் சட்டைப் பையில் பாதி எரிந்த ஊதுபத்தி ஒன்று கிடந்தது. முகர்ந்ததும் நீதான் வந்து நின்றாய். சர்ச்சுக்குப் போகிறவனுக்கு ஊதுபத்திக் கட்டு எதற்கு என்று சங்கராபுரம் பஸ்ஸில் எவனோ கேட்டதற்கு, "சாமிக்கு இல்லப்பா, அடுப்புக்கு" என்றவன் நீ.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளில் வெல்லம் காய்ச்சும் அடுப்புகளில் பாதி உன் கையால் கட்டியவை. நான் டிராயிங் வாத்தியார். ஓய்வு பெற்ற கையோடு கல்வராயன் மலை அடிவாரத்தில் விறகுச் சூளை கட்டி, மண் சிற்பம் சுடக் கிளம்பினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன் என்ற உரிமையில் உன்னைச் செங்கல் அடுக்கக் கூப்பிட்டேன். யோசனை கேட்கக் கூப்பிடவில்லை. அதற்குத்தான் புத்தகத்து வரைபடம் இருந்ததே.

"இது கரடியா, கல்லுரலா?" என்று நீ கேலி செய்த என் கரடியைத்தான் முதலில் சுட்டோம். இரண்டு வண்டி வேலிகாத்தான் விறகைத் தின்றும் சூளை சிவக்கவில்லை. புகை வாய்வழியே திரும்பி வந்தது. கரடி வெந்தும் வேகாமல் வெடித்துக் கிடந்தது. நீ ஊதுபத்தியைக் கொளுத்திச் சூளை வாயில் பிடித்தாய். அதன் புகை உள்ளே போகாமல் நேராக மேலே எழுந்தது.

"இன்னாடா டிராயிங்கு, எனக்கு இருக்குற இழுப்பு உன் சூளைக்கு இல்லியே."

மூச்சு இரைத்து நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, உன் மனைவி ஸ்டெல்லா வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிய சொல் இழுப்பு. அடுப்பு காற்றை வாங்கிப் புகையைத் தள்ளுவதற்கும் உங்கள் தொழிலில் அதே பெயர்தான்.

"வெறகு போட்டா சூடு ஏறாது, காத்து போனாதான் ஏறும். பின்னாடி புகை போற வழிய அகலமாக்கு. புகைபோக்கிய இன்னும் ஒரு ஆள் உசரம் தூக்கு."

எனக்கு வீம்பு. "உனக்கு வெல்லம்தான்டா தெரியும்" என்றேன். நீ கரணையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாய். அந்த மழைக்காலத்திலேயே இழுப்பு உன்னைக் கொண்டுபோனது. மன்னிப்புக் கேட்க வந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

இந்த வருடம் சூளையைப் பிரித்துக் கட்டினேன். நீ சொன்ன அகலம், நீ சொன்ன உயரம். இந்தத் தடவையும் வெடித்தால் சிற்பத்தையே விட்டுவிடுவது என்று முடிவு. கரடியை மறுபடி செய்தேன், இம்முறை முதுகில் குட்டியோடு. சின்னதாக நெருப்பு மூட்டி ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை வளைந்து, வீடு தெரிந்த பூனை போல உள்ளே நுழைந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம், சூடு பார்க்க உள்ளே வைத்திருந்த மண்கூம்பு இளகித் தலை குனிந்தது; வேண்டிய சூடு ஏறிவிட்டது. சூளை ஹோவென்று மூச்சு வாங்கியது. பார்க்க வந்திருந்த ஸ்டெல்லா கேட்டாள்:

"இன்னாங்கண்ணா, இழுக்குதுங்களா?"

அந்தச் சொல்லை அவள் சிரித்துக்கொண்டு சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"ஜாஸ்தியாவே இழுக்குது தங்கச்சி!"

நேற்று சூளையைத் திறந்தோம். ஒரு கீறல் இல்லையடா! குட்டியின் காது கூட முழுசாக இருக்கிறது. இப்போதும் நீ கல்லுரல் என்றுதான் சொல்வாய், சொல்லிக்கொள். ஆனால் அதன் முதுகைப் பார். விறகுச் சாம்பல் உருகி, வெல்லப்பாகாக வழிந்திருக்கிறது.

சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். ஊதுபத்தியை மாற்றுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டேன்.