தோட்டாச் செலவும் அம்மாவின் ஆண்டுப் பூசையும்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்

அன்பு மகள் ஃப்ளோரன்சுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் சுகம். ஜபல்பூரில் குளிர் தொடங்கியிருக்கும், உன் சுகத்தை ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் காகிதம். அலுவலகப் பழக்கம் இன்னும் விடவில்லை, முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தோட்டா இல்லாமல் பழகுவது
2. தோட்டா வாங்கும் முறை
3. எப்போது சுடாமல் நிறுத்துவது
4. அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு நீ வரவேண்டியதில்லை என்பது

தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, ரைஃபிளை விற்றுவிட்டுச் சுடுவதையே விட்டுவிடப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இதைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைப்பாய், நியாயம்தான். அதனால் நீ முன்பு பழகிய கிளப்புக்கே போய் உன்னோடு சுட்டுக்கொண்டிருந்த ஜெரால்டைப் பார்த்தேன். உள்ளே போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றபோது அவனே வந்து, "இன்னா அங்கிள், டப்புனு ஒரு சத்தம் கேட்டா மாதா கோயில் வரைக்கும் ஓடுற ஆளு, இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க" என்று சிரித்தான். பிறகு டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னான். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நீ திருத்திக்கொள்.

தினமும் அறையிலேயே தோட்டா போடாமல் குறிபார்த்து விசையை இழுத்துப் பழகினால் பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடுமாம். ஆனால் உன் பாயிண்ட் டூ டூ ரைஃபிளை வெறுமனே இழுத்தால் உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி குழலின் விளிம்பில் இடித்துக் கெட்டுவிடும், மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுத்தான் செய்ய வேண்டும் என்றான். உனக்குத் தெரியாததா. இங்கே நீ பழகும்போது அம்மா மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து குழல்மேல் ஒரு ரூபாய்க் காசை வைப்பாள், விசையை இழுத்தும் காசு விழாவிட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் பயந்துகொண்டு வாசல்பக்கம் போய் நிற்பேன். உனக்குக் காசு வைக்க ஆளில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. கூட வேலை செய்யும் பிள்ளைகள் யாரையாவது வைக்கச் சொல். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளில் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைப் போட்டுப் பழகினாலும் செலவு மிகக் குறைவாம். இரண்டாவது, போட்டிக்கான உயர்ந்த ரகத்தைப் பயிற்சிக்கெல்லாம் தீர்க்காதே, சாதாரண ரகத்தில் பழகிப் போட்டி நெருங்கும்போது மட்டும் அதை எடு. நாலு பேர் சேர்ந்து கிளப் மூலம் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். ஒரே கம்பெனியில் ஒருமுறை தயாரித்த தொகுதி உன் ரைஃபிளுக்கு ஒத்துவரும், இன்னொன்றில் குறி சிதறும், ஆகையால் கொஞ்சம் சுட்டுப் பார்த்துவிட்டு அதே தொகுதியில் வாங்கு. லைசென்ஸில் உள்ள அளவைத் தாண்டிவிடாதே, எனக்கு அந்தப் பயம் வேறு.

மூன்றாவதைச் சொல்லும்போது ஜெரால்ட் குரலைத் தணித்துக்கொண்டான். அம்மா போன பிறகு நீ பெட்டி பெட்டியாகச் சுடுகிறாயாம், சுடும்போது மட்டும்தான் வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை என்று அவனிடம் போனில் சொன்னாயாம். மனசு நிலைகொள்ளாத நாளில், தப்பிப் போன குண்டை ஈடுகட்ட அடுத்தடுத்துச் சுடுவதுதான் பெரிய வீண்செலவு, மூச்சு நிதானத்துக்கு வராவிட்டால் ரைஃபிளைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும் என்றான். என்னிடம் நீ இதைச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

நாலாவது, ஆண்டுப் பூசை. டிக்கெட்டும் சம்பளமில்லாத லீவும் சேர்ந்தால் உனக்குப் பல மாதத் தோட்டா. அம்மா இருந்தாலும் வராதே என்றுதான் சொல்வாள் என நினைக்கிறேன். பூசைக்கு எழுதிக் கொடுக்கப் போனபோது கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, பூசையில் வேத வாசகம் படிக்க உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். "பெத்த பொண்ணு இல்லாமயா நைனா பூசை" என்றார், பூசைக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். காசிமேட்டுக் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் நானே கொண்டுபோய் வைத்துவிடுவேன். மற்றபடி விசேஷம் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடித்துணியில் கரி படிகிறது, அம்மா இருந்தால் சத்தம் போடுவாள், நான் உதறி மடித்து வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. காதை அடைத்துக்கொள்ளாமல் ஒரு குண்டும் சுடாதே. தேவதாய் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
அ. ஜார்ஜ்

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு முழுவதும் படித்துப் பார்த்தேன். அடக்கத்தன்று நீ அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாய், மூன்றாம் நாளே ரயிலேறிவிட்டாய். என் மகள் தைரியசாலி என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அழாமல் வைத்திருப்பதைத்தான் அங்கே பெட்டி பெட்டியாகச் சுட்டுக்கொண்டிருக்கிறாய் என்று இப்போது படுகிறது. அம்மாவிடம் வந்து அழுதுவிட்டுப் போ. நானும் இன்னும் அழவில்லை, தனியாக முடியவில்லை. ரைஃபிளை விற்பதா வேண்டாமா என்பதை அதன்பிறகு யோசி. டிக்கெட் போட்டுவிடு ஃப்ளோரா, நாலாவதாக நான் எழுதியது தவறு.