நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்த்தவள்

எனக்கு ஊட்டிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைத் தான் உண்ட என் அம்மாவுக்கு,

உன் மகள் அலிமா எழுதுகிறேன். பயப்படாதே, கெட்ட செய்தி இல்லை. என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ நிம்மதியாகக் கேட்பாய்.

அடுக்களையில் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். விளக்குத் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். இந்தக் காகிதம் அத்தாவின் கடையில் சீரகம் மடிக்கிற காகிதம். வாசம் உனக்கும் வருகிறதா? அத்தாவின் அக்கா, மாமி, பக்கத்து அறையில் தூங்குகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் என் கையும் நின்றுவிடுகிறது. பெண்பிள்ளை கடுதாசி எழுதுவதே அவருக்கு ஆகாது. அதுவும் மௌத்தானவளுக்கு என்றால்? "செத்தவுகளுக்கு ஓதணும்ட்டி, எழுதப்படாது" என்பார். ஓதியும்விட்டேன் அம்மா. ஓதும்போது இதையெல்லாம் சொல்ல இடமில்லை.

நீ போன பிறகு வந்திருக்கிற முதல் நோன்பு மாதம் இது. போன நோன்பில் நான் என்ன வேலை செய்தேன் என்று நினைவிருக்கிறதா? சாயங்காலம் கஞ்சி கொதிக்கும்போது, "உப்புப் புள்ள, இங்க வா" என்று கூப்பிடுவாய். வீட்டில் எல்லோரும் நோன்பாளிகள். நாக்கில் எதையும் வைக்கக் கூடாது. நான் ஒருத்திதான் நோன்பு பிடிக்காதவள். அகப்பையிலிருந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாய். நான் நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். நீ உன் முந்தானையால் என் கையைத் துடைத்துவிடுவாய். உப்பு சரியாக இருந்தாலும் இன்னொரு சொட்டு கேட்பேன். உனக்குத் தெரியாததா?

உனக்குப் பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ள மாமி வந்தார். கொஞ்ச நாளில் அத்தாவுக்கு ராஜபாளையத்தில் பெண் எடுத்தார்கள். அவளைச் சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். பெரிய மனுஷி போல இல்லை, அக்கா போலத்தான் இருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அருகில் போய் நிற்பேன். அவளும் என்ன என்று கேட்காமல் கொடுத்துவிடுவாள்.

அவள் சமையலைச் சொல்லவா? காலையில் கம்பங்கூழும் சுட்ட கருவாடும், நீ வைக்கிறது போலத்தான். புளிக்குழம்பில் மட்டும் ஒரு துண்டு கருப்பட்டி போடுகிறாள். அவர்கள் வீட்டைச் சுற்றி இருப்பவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், அங்கே பழகியதாம். முதல் நாள் மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கொளம்பா பாயசமா? முந்திரிப்பருப்பு எங்கட்டி?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளும் கருப்பட்டி போட்டாள். மாமி இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்.

உன் மர இடியாப்ப உரலை அவள் தொடுவதே இல்லை. துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை உரலில்தான் பிழிகிறாள். அதற்காகவே நேற்று வரை அவளோடு எனக்குப் பேச்சில்லை.

இன்னொரு புதுச்சாமான் வந்திருக்கிறது. அத்தா மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு ஸ்டவ் வாங்கி வந்தார். மண்ணெண்ணெய் அடுப்பு. பித்தளைக் குடம் போல வயிறு, மூன்று கால். பக்கத்தில் இருக்கிற குழாயை இழுத்து இழுத்துக் காற்றடித்தால் நீலமாகத் தீ எரியும். புகையே கிடையாது. ஆனால் அது போடுகிற இரைச்சல்! செண்பகத்தோப்பில் மழைக்குப் பிறகு ஓடை இறங்குமே, அப்படி. மாமி அதன் பக்கமே போகமாட்டார். "சைத்தானைக் கூட்டியாந்து அடுப்படியில குடி வச்சிருக்கான்" என்பார். சின்னம்மாதான் பற்றவைப்பாள்.

இனிமேல்தான் விஷயம்.

பிறை கண்ட அன்றே மாமி சொல்லிவிட்டார். "இந்த வருசம் அலிமா முழு நோன்பு பிடிக்கட்டும். நோன்பு பிடிக்கிற புள்ள பெரிய மனுசி. பெரிய மனுசிக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? பெருநாளோட நிப்பாட்டிரு." அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அக்கா பேச்சுக்கு அவர் எப்போது எதிர்ப்பேச்சு பேசியிருக்கிறார்?

நோன்பு எனக்குப் பிடிக்காமல் இல்லை. உனக்காகப் பிடிக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் குறைந்துபோயிற்று என்று விரல் விட்டு எண்ணினேன். டீச்சர் அடுத்த பாடப் புத்தகத்தைக் காட்டி, "பெருநாள் முடிஞ்சு வா, இதுல ஆரம்பிக்கலாம்" என்றார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்து, கிணற்றடியில் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

நேற்றுப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி அனுப்புகிற முறை நம் வீட்டுக்கு. உனக்குத் தெரியும், வருஷத்தில் ஒரு நாள் நம் அண்டா அங்கே போகும். கடைவீதி முழுக்க அதைக் குடித்துத்தான் நோன்பு திறக்கும். போன வருஷம் வரை அது உன் கைக் கஞ்சி. இந்த வருஷம் புதுப்பெண் எப்படிக் காய்ச்சுகிறாள் என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். சின்னம்மா நொய்யையும் பாசிப்பருப்பையும் திரும்பத் திரும்பக் களைந்தாள்.

விறகடுப்பில் அண்டா கொதித்தது. பக்கத்தில் ஸ்டவ்வை வைத்து, தாளிக்கிறதற்குச் சின்னம்மா வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதக்கினாள். அந்த இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நான் வாசற்படியில் உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமி வந்தார், மரவையிலிருந்து இரண்டு கை உப்பை அள்ளி அண்டாவில் போட்டார், "உப்புப் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார். சின்னம்மாவின் காதில் அது விழவே இல்லை. தாளிப்பைக் கொட்டிவிட்டு, அவளும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். "உப்பு! மாமி ஏற்கெனவே போட்டாங்க!"

அவள் ஸ்டவ்வை அணைத்தாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. மாமி தொழுதுவிட்டு வந்தார்.

"அக்கா, நீங்க உப்புப் போட்டீங்களா?" என்று சின்னம்மா மாமியிடம் கேட்டாள்.

"போட்டேன்னு சொன்னேனே. சொன்னேனா?" மாமி நெற்றியைத் தடவினார். அசர் தொழுகைக்குப் பிறகு அவருக்குப் பசியில் எதுவும் நினைவிருக்காது. "போடலாம்னு எடுத்தேன். போட்டேனா, வச்சிட்டேனா?"

"போட்டீங்க மாமி, நான் பாத்தேன்" என்றேன்.

"நீ சும்மா இருட்டி. அன்னைக்கு ஆட்டுக்குத் தண்ணி வைக்காமலே வச்சேன்னு சொன்னவதானே நீ."

"நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டா பாதகமில்லைன்னு எங்க ஊருல சொல்லுவாக" என்றாள் சின்னம்மா, மெதுவாக.

"உங்க ராசபாளையத்து நோன்பை அங்கயே வச்சிட்டு வா."

வெளியே அண்டா தூக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கம்பைத் தரையில் தட்டி, "என்னம்மா, இந்த வருசக் கஞ்சி பெருநாளைக்குத்தானா?" என்று கேட்டார். சின்னம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. உப்புக் கஞ்சி போனால் அவள் பெயர்தான் கெடும், மாமி பெயர் கெடாது. ஊர் என்ன சொல்லும்? முன்னவள் கஞ்சியைக் குடித்தோம், இவள் கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினோம் என்று சொல்லும்.

அம்மா, அவள் உன் பெயரைப் பறிக்க வந்தவள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்போது பார்த்தால், என்னைப் போல ஒருத்தி பயந்துபோய் நிற்கிறாள். அவ்வளவுதான்.

அகப்பையை எடுத்தேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். சின்னம்மா சொன்னபடி துப்பத்தான் நினைத்தேன். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் நாக்கில் பட்டதும் அது தானாக உள்ளே போய்விட்டது. பகல் முழுவதும் காய்ந்த தொண்டை, நான் என்ன செய்வேன்?

"கரிக்குது. ரெண்டு தரம் விழுந்திருக்கு" என்றேன்.

"முழுங்கிட்டா! நோன்பை முறிச்சிட்டா!" மாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

சின்னம்மா என்னைத் திட்டவுமில்லை, தடவிக்கொடுக்கவுமில்லை. ஸ்டவ்வை மறுபடி பற்றவைத்தாள். "அக்கா, செத்த நேரம் திருகையைச் சுத்துங்க, நொய் வேணும். அலிமா, தேங்காய் உடை." அண்டாவிலிருந்து பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். உப்பில்லாமல் நொய்க்கஞ்சி ஸ்டவ்வில் பொங்கியது. அவ்வளவு சீக்கிரம் விறகடுப்பில் எந்தக் காலத்திலும் பொங்காது. மாமி அந்தச் சைத்தானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து திருகை சுற்றினார். நான் துருவலகையில் ஏறி உட்கார்ந்து துருவினேன். வேகவேகக் கலந்தாள். கலந்து, என் கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பால்."

விட்டாள். மறுபடி ஒரு சொட்டு.

"இப்ப சரி" என்றேன். சரியாக இருந்தும் இன்னொரு சொட்டு கேட்டேன். சிரித்துக்கொண்டே விட்டாள். கையை அவள் துடைத்துவிடவில்லை. நான் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அந்த ஒரு சொட்டே எனக்குப் போதும்.

ஒரு அண்டா போகவேண்டிய இடத்தில் ஒன்றரை அண்டா போயிற்று. பாங்கு சொல்வதற்கு முன்னே போய்விட்டது.

அத்தா மக்ரிபு தொழுதுவிட்டு வந்தார். "எல்லாரும் ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சாக. சுந்தரபாண்டியத்துலருந்து வந்த பயறு யாவாரி, தூக்குச்சட்டி கேட்டு வாங்கிட்டுப் போனாரு" என்றார். சின்னம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

மாமி விடவில்லை. "ஏலே, உம் மக இன்னைக்கு நோன்பை முறிச்சிட்டா, தெரியுமா?"

நடந்ததைச் சின்னம்மா சொன்னாள். அத்தா என்னைப் பார்த்தார். அப்போது சின்னம்மா, வடைத் தட்டை மாமியின் முன் நகர்த்திக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நோன்பு பிடிக்கிற புள்ள பெரிய மனுசி, அவளுக்குப் பள்ளிக்கூடம் வேணாம்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன?"

"இவதான் நோன்பை முறிச்சிட்டாளே. அப்ப இவ யாரு?"

மாமி வடையைக் கடித்தார். மென்றார். அம்மா, ஒரு வடையை அவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது.

"சின்னக் கழுதை" என்றார்.

"சின்னக் கழுதையைப் பகலெல்லாம் வீட்டுல கட்டிப்போட்டு என்ன செய்ய?"

அத்தா சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்தே சொன்னார்: "புள்ள படிக்கட்டும்க்கா."

மாமி தான் சொன்ன சொல்லைத் தானே மீறமாட்டார். அது ஒன்று அவரிடம் உண்டு. "அடுத்த நோன்பு வரைக்கும். அதுக்குப் பொறவு எங்கிட்ட எவளும் வாயாடப்படாது" என்றார். பிறகு என் தட்டில் ஒரு வடையைப் போட்டார். "தின்னு. முறிச்சதுதான் முறிச்ச, பட்டினியாவா கிடக்கப்போற?"

ஒரு வருஷம் அம்மா! ஒரு வருஷத்தில் அந்தப் புத்தகம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று இன்றைக்கு நான் யோசிக்கப்போவதில்லை.

பாத்திரம் கழுவும்போது அவளிடம் கேட்டேன், உன் மர உரலை ஏன் எடுக்கவில்லை என்று. "அது உங்கம்மா கை பழகுனது. நான் பிழிஞ்சு ஒடைஞ்சுபோச்சுன்னா உம் மொகத்துல எப்படி முழிப்பேன்? பயமா இருக்கு" என்றாள். இவ்வளவு நாளும் நான் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு இருந்தேன். "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க பிழியுங்க சின்னம்மா" என்றேன். அந்தப் பேரைச் சொன்னது உனக்கு வருத்தமா? வருத்தமில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

தெருக்கோடியில், விடியுமுன் சகர் சாப்பாட்டுக்கு எழுப்புகிற பக்கீர் தப்புக் கொட்டுகிற சத்தம் வருகிறது. குறட்டை நின்றுவிட்டது. சின்னம்மா எழுந்து ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிறாள். குதிருக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சத்தை அவள் பார்த்திருப்பாள். இன்னும் பலமாகக் காற்றடிக்கிறாள். இந்த இரைச்சலில் என் காகிதம் சலசலப்பது மாமிக்குக் கேட்காது.

உன்னிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் முழு நோன்பு பிடிக்கிற வருஷம், முதல் நோன்பு உனக்கு. ஒரு சொட்டும் விழுங்கமாட்டேன். அதுவரைக்கும் இந்த வீட்டுக் கஞ்சியில் உப்புக் கூடாமல், குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வயிற்றில் பிறந்தவள்,
சின்னம்மாவுக்கும் மகளாக இருக்கப் பழகுகிறவள்,
உன் உப்புப் புள்ள அலிமா