ஆறாவது கொட்டேஷன்

ஜனவரி 8

குளியலறைக் குழாய் மறுபடி சொட்டத் தொடங்கிவிட்டது. வாஷர் மாற்றிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் வீட்டுக்காரம்மா. கீழ் வீட்டிலிருந்து அவர் மாடிக்கு ஏறி வந்து ஒரு வருடமாவது இருக்கும். முட்டி விடாது. அப்படியும் ஏறி வந்திருக்கிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று நினைத்தேன். இல்லைதான்.

இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அந்தச் செலவுக்காக நாங்கள் குடியிருக்கும் மாடியை விற்கப்போகிறார். ஒரு பல் டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "இருந்தாலும் உங்ககிட்டதான மொதல்ல சொல்லணும். ஏப்ரல் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "நாமளே வாங்கிடலாம் மாமா. லோன் போட்டுக்கலாம்." ஏதோ சோப்பு வாங்குகிற மாதிரி.

வாங்க முடியாவிட்டால் என்ன என்று இருவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர் கம்பெனி கொடுக்கிற ஒற்றை அறைக்குப் போவார். நான் மகன் வீட்டுக்குப் போவேன். மகள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் இல்லாமல் ஒரு மாமனாரும் மருமகனும் சேர்ந்திருக்க இந்த வீட்டைத் தவிர வேறு காரணம் ஒன்றும் ஊர் உலகத்துக்குத் தெரியாது.

ஜனவரி 9

சம்பளம் போடுகிற பேங்கிலேயே கேட்டால் போதும் என்கிறார் மாப்பிள்ளை. பைக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி வருகிறாராம், அதனால் அவருக்கு நல்ல மார்க் இருக்கிறதாம். கடன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். மார்க் நன்றாக இருந்தால் வட்டி குறைவு.

ஒரே இடத்தில் கேட்டால் போதுமா! மூட்டை தூக்குகிறவனாக ஒரு ஆலைக்குள் போய், பர்ச்சேஸ் பிரிவில் உட்காரும் அளவுக்கு வந்தவன் நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய பில்களைப் படித்தே கற்றுக்கொண்டேன். ஆணி முதல் பாய்லர் வரை, நாலு இடத்தில் விலை எழுதி வாங்கிப் பார்க்காமல், ஒரே கொட்டேஷனில் எதையும் வாங்கியதில்லை. எனக்கு ஆலையில் பெயரே 'கொட்டேஷன்' என்றுதான்.

"மாப்ள, இத எங்கிட்ட விடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி மாமா."

ஜனவரி 11

முதல் இடம். தலைமுடி படிய வாரிய ஒரு பையன் வட்டியை வாயால் சொன்னான். எழுத்தில் கொடு என்றேன். எழுத்தில் வேண்டுமென்றால் முறையாக விண்ணப்பிக்க வேண்டும், மாப்பிள்ளை கையெழுத்து வேண்டும் என்றான். "வாயில சொன்னா போதாதாய்யா? தோராயமாத்தான கேக்கறீங்க?" என்றான். வாயில் சொன்னது காற்று. விண்ணப்பத்தை வாங்கி வந்தேன்.

மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 30

இரண்டாவது இடம் முடிந்தது. முதல் ஆளின் காகிதத்தை மேஜை மேல் அங்கிருந்த அதிகாரி கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவராகவே வட்டியில் அரைப் புள்ளி குறைத்தார். இந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது?

சம்பள பேங்கை எப்போது கேட்பீர்கள் என்றார் மாப்பிள்ளை. கையில் இருக்கிற ஆளிடம் கடைசியில்தான் பேச வேண்டும், அதுவும் மற்றவர்கள் விலையைக் கையில் வைத்துக்கொண்டு. தொழிலின் அரிச்சுவடி இது. அவருக்கு எப்படித் தெரியும்? ஏணியில் ஏறி இறங்குகிற பிள்ளை.

பிப்ரவரி 6

முடி வெட்டிக்கொண்டேன். செருப்புக்கு அடித்தோல் மாற்றினேன்.

பிப்ரவரி 14

மூன்றாம் இடத்துக்காரரிடம் வீட்டுக் கடனோடு தனிநபர் கடனுக்கும் ஒரு விலை கேட்டேன். சரக்கு வேறு என்றால் அதற்கும் ஒரு கொட்டேஷன் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒரு கிரெடிட் கார்டையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அதற்கும் ஒரு விண்ணப்பம். மாப்பிள்ளை மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். போடும்போது ஒரு நொடி பேனா நின்றது. "என்ன மாப்ள?" "ஒண்ணுமில்ல மாமா. பேனா எழுதல." பேனா நன்றாகத்தான் எழுதியது.

பிப்ரவரி 25

மகன் போன் செய்தான். "அப்பா, மாப்பிள்ளை வீட்டுல இன்னும் எத்தன நாளுப்பா? நாலு பேரு என்னை என்ன நினைப்பாங்க?" நாலு பேர் அவனை என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவன் கவலை. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டானா? மகளுக்குக் கீமோ கொடுத்த மாதங்களில் அவளை லிஃப்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் யார்? அப்போது இவன் எங்கே இருந்தான்? மீட்டிங். எப்போது பார்த்தாலும் மீட்டிங்.

"வேல இருக்குடா, வெக்கறேன்" என்றேன். பொய் இல்லை. நாளை நான்காவது இடம்.

மார்ச் 9

ஐந்தாவது ஆள் பிடிவாதக்காரர். எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவை தேநீர் வாங்கிக் கொடுத்தார். முதல் ஆள் கொடுத்த காகிதம் செல்லுபடியாகும் நாள் முடிந்துவிட்டதாம். முடியட்டும். நாம் அதையா வாங்கப்போகிறோம்?

மார்ச் 22

மாப்பிள்ளை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். சம்பள பேங்க். ஆறாவது, கடைசி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஒரு பெண் அதிகாரி. சின்ன வயதுதான். ஐந்து கொட்டேஷனும் என் பையில். வட்டியைச் சொன்னார். ஐந்தையும் விடக் குறைவு. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தீர்களா என்று.

பிறகு அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், ஜனவரிலேருந்து அஞ்சு இடத்துல கேட்டிருக்கீங்களா?"

நான்தான் பதில் சொன்னேன். "கேட்டிருக்கோம். எல்லாம் எழுத்துல வாங்கிருக்கோம்."

"அதனாலதான்யா மார்க் எறங்கியிருக்கு. நான் சொன்ன வட்டி மார்க் ஒரு அளவுக்கு மேல இருக்கறவங்களுக்கு. இவரு இப்ப அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்காரு. இந்த மார்க்குக்கு இவ்வளவு பெரிய தொகை நான் எழுதினாலும் மேல இருக்கறவங்க தள்ளிடுவாங்க."

"வெல கேட்டா மார்க் கொறையுமா?"

"வட்டி எவ்வளவுன்னு வாயால கேட்டா கொறையாது. விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அவங்க இவரு கணக்க எடுத்துப் பாப்பாங்க. அப்படி யாரு பாத்தாலும் பதிவாகும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறையும். வீட்டுக் கடனுக்கு மட்டும் ரெண்டு வாரத்துக்குள்ள எல்லா இடத்துலயும் கேட்டிருந்தா பெரும்பாலும் ஒரே தடவையா எடுத்துக்குவாங்க. நீங்க ரெண்டரை மாசம் இழுத்திருக்கீங்க. நடுவுல தனிநபர் கடன், கார்டு வேற. பாக்கறவங்களுக்கு இவரு பணத்துக்குத் தவிக்கிறாரோன்னு தோணும்."

"அஞ்சு கடையில வெல கேக்கறவன் தவிக்கிறவனாம்மா? அவன் ஏமாறாதவன்."

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, எரிச்சல்படவும் இல்லை. "கடைக்காரருக்கு அது தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதேய்யா."

விடுவேனா? என் பெயரையும் சேர்த்துக்கொள் என்றேன். வாழ்நாளில் ஒருத்தரிடம் கடன் என்று கை நீட்டியதில்லை. தட்டிப் பார்த்தார். "உங்க பேருல ஒண்ணுமே இல்லய்யா."

"ஒண்ணுமில்லன்னா கடன் இல்லன்னுதான அர்த்தம்?"

"பரீட்சையே எழுதலன்னு அர்த்தம். எழுதினாத்தான மார்க்கு?"

நாலைந்து மாதத்துக்கு யாரிடமும் எதற்கும் விண்ணப்பிக்காமல், பைக் தவணையை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால் மார்க் ஏறும், ஆகஸ்டில் வாருங்கள் என்றார். வீட்டுக்காரம்மா கொடுத்த கெடு ஏப்ரல் கடைசி.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனை. சும்மா இருந்திருந்தால் ஜனவரியிலேயே முடிந்திருக்கும். யாரால் கெட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இது என்ன நியாயம்? விசாரித்து வாங்குகிறவனுக்குத் தண்டனை, கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவனுக்குச் சலுகை. இப்படி ஒரு கணக்கை எவன் போட்டான்?

மார்ச் 23

கேட்டேவிட்டேன். "நடுவுல பேனா நின்னுச்சே மாப்ள, அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"ஒவ்வொரு தடவையும் போனுக்குச் செய்தி வரும் மாமா, இன்னார் உங்க கணக்கப் பாத்தாங்கன்னு. ரெண்டாவது வந்தப்பவே எங்க சூப்பர்வைசர் சொன்னாரு, மார்க் கொறையும்னு."

"அப்பறம் ஏன்யா போட்டீங்க?"

தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"அவ போனதுக்கப்புறம் நீங்க வாசப்படி தாண்டினதே இல்ல. பால் வாங்கக்கூட. ரெண்டு வருஷம் அந்தச் சேர்லயே உக்காந்திருந்தீங்க. காலையில பையத் தூக்கிட்டு நீங்க கெளம்பறத ஜன்னல்லேருந்து பாப்பேன். வேகமா நடந்து போவீங்க. அத நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. இவ்வளவு எறங்கும்னு தெரியாது மாமா. கொஞ்சம்தான் கொறையும்னு நெனச்சேன்."

மார்ச் 24

என்னை என்னவென்று நினைத்தார்? பொம்மை கொடுத்து உட்காரவைக்கிற குழந்தை என்றா? நான் வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை காட்டியிருக்கிறார். எனக்கு யார் பரிதாபமும் வேண்டாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே. நிறுத்தியிருப்பேனா?

அவரிடம் பேசவில்லை.

மார்ச் 26

பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. காலையில் என் மாத்திரையை வழக்கம்போல டம்ளருக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

மார்ச் 29

இரண்டு நாளாக ஒன்றையே யோசிக்கிறேன். இந்த வீடு அவருக்கும் வேண்டும்தானே. அவள் இருந்த வீடு. அதைக் கோட்டைவிட்டாலும் பரவாயில்லை, கிழவன் கொஞ்சம் வெளியே நடக்கட்டும் என்று ஒருத்தர் நினைத்திருக்கிறார். நான் பெற்ற பிள்ளை என்னைப் பற்றி அப்படி ஒரு நாள் நினைத்ததுண்டா? நானே யாருக்காவது அப்படி நினைத்ததுண்டா?

கோபம் போகவில்லை. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

கீழே போனேன். வீட்டுக்காரம்மா காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன்.

"ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். சொன்னார். ஓய்வு பெற்றபோது ஆலையில் கடைசியாகக் கொடுத்த பணம் டெபாசிட்டில் அப்படியே கிடக்கிறது. அவர் சொன்னதற்குச் சற்று மேலேயே வரும். "அத இப்ப முன்பணமா வெச்சுக்கங்க. மொதல்ல முட்டியப் பாருங்க. பாக்கிய ஆகஸ்டுல மாப்பிள்ளை குடுப்பாரு."

"வெல?"

"நீங்க சொன்ன வெலதான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒடம்பு எதுவும் சரியில்லையா உங்களுக்கு? மூணு வருஷத்துக்கு முன்னாடி தண்ணி டேங்க் கழுவறதுக்கு எங்கிட்ட ரெண்டு நாள் பேரம் பேசினவரு."

"ஒடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ளைக்கு இந்த வீடு புடிச்சுப்போச்சு."

"மாப்பிள்ளைக்கா?" என்றார். முன்பணத்துக்கு ஒரு காகிதம் எழுதிக்கொள்ளலாம் என்றேன். "பல் டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஏறி வரும்போது மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். இதுதான் பத்து நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு. "மாமா, அது உங்க கடைசிக் காசு" என்றார். "நான் இன்னும் சாகல, அதுக்குள்ள என்ன கடைசிக் காசு?" என்றேன். அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

மே 19

வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். கம்பு பிடித்து நடக்கிறார்.

மாப்பிள்ளை தன் மார்க்கைப் போனில் பார்க்கப்போனார். தொடாதீங்க என்று கத்திவிட்டேன். நம்முடையதை நாமே பார்த்தால் குறையாதாம். அந்த அதிகாரியும் சொன்னாராம். இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகஸ்ட் வரை யாரும் எதையும் பார்க்க வேண்டாம்.

ஜூன் 27

சும்மா இருக்கிறேன். ஆலையில் எவ்வளவோ வேலை பார்த்திருக்கிறேன், இதைவிடக் கஷ்டமான வேலை பார்த்ததில்லை. காலையில் நடந்துவிட்டு வருகிறேன், பை இல்லாமல். ஐந்தாவது இடத்துக்காரர் வழியில் பார்த்து, உள்ளே வாங்கய்யா, புது வட்டி வந்திருக்கிறது என்றார். தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13

அதே அதிகாரி. மார்க் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. வட்டி மார்ச்சில் சொன்னதைவிட ஒரு துளி அதிகம். எல்லோருக்கும் ஏறிவிட்டதாம். வேறு இடத்தில் விசாரிக்கிறீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்குக் குறும்பு. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"எழுதும்மா" என்றேன்.

செப்டம்பர் 8

பத்திரம் முடிந்து முதல் ஞாயிறு. மத்தியானம் மாப்பிள்ளை டிரில் மெஷினோடு என் அறைக்குள் வந்தார். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை, வாடகை வீடு என்று. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைத் துளைத்து, ஒயர் இழுத்து, மின்விசிறிக்கு ஒரு சுவிட்ச் வைத்தார். படுத்தபடியே எட்டுகிற உயரம்.

"எனக்கு எழுந்து போய்ப் போடத் தெரியாதா? அவ்வளவு வயசாயிடுச்சா?" என்றேன்.

"இப்ப இல்ல மாமா. பின்னாடி ஆகும்ல."

விழுந்த சுண்ணாம்புத் தூளைப் பெருக்கிவிட்டுப் போனார். நான் படுத்துக்கொண்டு ஒரு தடவை போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "வேல செய்யுதா மாமா?"

செய்கிறது என்றேன்.